பன்னிரண்டாவது வாரம் கடந்தும் போகாத பயம்

கேள்வி:

எனக்கு வயது 29. இப்போது 17 வாரக் கர்ப்பம். சரியாக ஆறு மாதங்களுக்கு முன், முதல் கர்ப்பத்தின் 12-வது வாரத்தில் ஸ்கேனுக்குப் போனபோது, துடிப்பு இல்லை என்றார்கள். வளர்ச்சி 9-வது வாரத்திலேயே நின்றுவிட்டதாம். எனக்கு இரத்தப்போக்கு இல்லை, வலி இல்லை. அன்று காலைவரை குமட்டல்கூட இருந்தது. அந்த மூன்று வாரமும் தினமும் வயிற்றில் கை வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். உயிரில்லாத குழந்தையோடு பேசியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

இந்த முறை 12 வாரம் தாண்டினால் பயம் போய்விடும் என்று நம்பினேன். அந்த ஸ்கேன் நன்றாகவே இருந்தது. அன்று மாலைவரை நிம்மதி. இரவே பயம் திரும்பிவிட்டது. கழிவறைக்குப் போகும்போதெல்லாம் இரத்தம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். பார்ப்பதற்காகவே போகவும் செய்கிறேன். ஐந்து வாரங்களாக இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூக்கமில்லை. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் அதோடு சரி. வீட்டிலேயே துடிப்பைக் கேட்கும் கருவி ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். கணவரோ, "பழையதைப் பேசாதே, நீ இப்படிப் பயந்தால் குழந்தைக்கு ஆகாது" என்கிறார். அதனால் பயப்படுவதற்கே பயப்படுகிறேன். 20-வது வாரத்தில் அடுத்த ஸ்கேன். இந்தக் குழந்தையோடு இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அது தவறா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைச் சுமந்துகொண்டு மற்றதை நீங்கள் படிக்க வேண்டாம். தவறில்லை. உங்கள் குழந்தைக்கு இன்னும் காது கேட்கத் தொடங்கவில்லை. வெளியிலிருந்து வரும் ஓசைக்கு அது அசைந்து பதில் தருவதெல்லாம் ஏறத்தாழ 25-வது வாரத்தையொட்டித்தான். நீங்கள் பேசாமல் இருந்ததால் அது எதையும் இழக்கவில்லை. உங்களுக்கும் எதுவும் காலம் கடந்துபோய்விடவில்லை.

இனி அந்த மூன்று வாரங்களைப் பற்றி. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான்.

கருவின் வளர்ச்சி நின்ற பிறகும், நஞ்சுக்கொடியாக மாற வேண்டிய திசு சில காலம் உயிரோடிருந்து ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும். உடம்பு அந்த ஹார்மோனைத்தான் கேட்கிறது. அது வந்துகொண்டிருக்கும்வரை கர்ப்பம் தொடர்கிறது என்றே எண்ணிக்கொள்ளும். குமட்டல் நிற்காதது, இரத்தப்போக்கு தொடங்காதது எல்லாம் இதனால்தான். மருத்துவர்கள் இதை 'மிஸ்டு அபார்ஷன்' என்று எழுதுவார்கள். அந்தச் சீட்டைப் பார்த்து, தாங்களே கலைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார்களோ என்று திடுக்கிட்ட பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். தானாக நின்றுபோன கருவுக்கும் மருத்துவ மொழியில் அந்தச் சொல்லே வழங்கிவருகிறது. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. துக்கத்தில் இருப்பவர் கையில் கொடுக்கும் தாளில் இன்னும் கனிவான சொல் இருக்கலாம்.

ஆகவே நீங்கள் கவனிக்கத் தவறிய அறிகுறி எதுவும் அங்கே இருக்கவில்லை. உங்கள் மருத்துவரே நாடி பிடித்துப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. ஸ்கேன் ஒன்றுதான் சொல்லியிருக்க முடியும். அந்தப் பேச்சை நினைத்தால் நடுக்கம் வருகிறது என்கிறீர்கள். நான் அதை வேறு மாதிரிப் பார்க்கிறேன். அந்தக் குழந்தையின் ஆயுள் ஒன்பது வாரம்தான். அதன் துடிப்பு நின்ற நேரத்திலும் அது உங்களுக்குள்ளே, உங்கள் கைக்கு அடியில், உங்கள் குரலுக்கு அருகில் இருந்தது. அது தனியாக இருக்கவில்லை. ஒரு தாய் தன் குழந்தைக்குச் செய்யக்கூடியதில் அதற்கு மேல் அந்த வாரங்களில் எதுவும் இல்லை. இதை இன்றே நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. எங்காவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள், ஒருநாள் தேவைப்படும்.

ஏன் நின்றது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காமலே அதற்கு ஒரு பதிலை வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரும்பாலும் எல்லாப் பெண்களும் வைத்திருக்கிறார்கள். அன்று தூக்கிய வாளி, ஏறிய மாடிப்படி, போட்ட சண்டை, செய்த பயணம். உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் 10 முதல் 20 சதவீதம்வரை கருச்சிதைவில் முடிகின்றன. அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதம் முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்பவை. அந்த ஆரம்பகாலச் சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கையில் நேரும் பிழை. முட்டையும் விந்தணுவும் சேரும் நேரத்திலேயே, சில சமயம் அதற்கு முன்பே, அது நடந்து முடிந்திருக்கும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நீங்கள் கவனிப்பதற்கு வெகு முன்னால். வாளிக்கும் மாடிப்படிக்கும் அங்கே இடமில்லை.

"பயந்தால் குழந்தைக்கு ஆகாது" என்பதை இப்போது எடுத்துக்கொள்வோம். இதைப் பாதி உண்மையாகச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை. அன்றாடப் பயமும், இரவில் வரும் அழுகையும், ஸ்கேனுக்கு முந்தைய நாளின் படபடப்பும் ஒரு குழந்தையின் இதயத்தை நிறுத்துவதில்லை. பயந்து பயந்தே பத்து மாதத்தைக் கழித்து, நல்லபடியாகப் பெற்றெடுத்த பெண்கள் எண்ணற்றவர்கள். இது ஒரு பக்கம். மறுபக்கம், கடுமையான மனச்சோர்வோ பதற்ற நோயோ மாதக்கணக்கில் சிகிச்சையின்றித் தொடரும்போது, குறைமாதப் பிரசவமும் எடை குறைந்த பிறப்பும் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகின்றன. தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வரும் வாய்ப்பும் கூடுகிறது. இதைச் சொல்வது உங்களைக் குற்றவாளியாக்குவதற்காக இல்லை. சர்க்கரை கூடினால் சிகிச்சை எடுக்கிறோம். "சர்க்கரையே வரக்கூடாது என்று மனத்தில் நினை" என்று யாரும் சொல்வதில்லை. பயத்துக்கும் அதே மரியாதையைக் கொடுக்க வேண்டும். "பயப்படாதே" என்ற கட்டளை இதுவரை யாருடைய பயத்தையும் குறைத்ததாக நான் கண்டதில்லை. முதல் பயத்தின் மேல் இரண்டாவது பயத்தை ஏற்றிவைப்பதே அதன் வேலை. உங்களுக்கு அதுதான் நடந்திருக்கிறது.

12 வாரம் கடந்தால் சரியாகிவிடும் என்று நீங்கள் நம்பியதில் நியாயம் இருந்தது. துடிப்பு தெரிந்து, முதல் மூன்று மாதமும் கடந்துவிட்டால் கருச்சிதைவுக்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஒருமுறை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே முடிகிறது. ஆனால் இந்தக் கணக்கையெல்லாம் நீங்கள் நிச்சயம் தேடிப் படித்திருப்பீர்கள். அது உங்களுக்குள் இறங்கவில்லை. போன முறையும் வாய்ப்பு குறைவு என்றுதான் சொன்னார்கள், அந்தக் குறைவான பக்கத்தில் விழுந்தது நீங்கள். ஒருமுறை அப்படி விழுந்தவருக்குச் சதவீதம் ஆறுதல் தராது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்களுக்குச் செய்தி வந்த விதம். இருட்டான அறை, வயிற்றில் குளிர்ந்த ஜெல், திரையைப் பார்த்தபடி இருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தியது. எதிர்பார்ப்போடு போய்ப் படுத்த இடத்தில் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறீர்கள். மனம் இதைத் துக்கமாக மட்டும் வைத்துக்கொள்வதில்லை. விபத்தைப் போலவும் பதிந்துகொள்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் தலைமையில், பிரிட்டனிலும் பெல்ஜியத்திலும் ஆரம்பகாலக் கர்ப்பத்தை இழந்த 650-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020-இல் வெளியானது. இழப்புக்கு ஒரு மாதத்துக்குப் பின் 29 சதவீதம் பேருக்கு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலின் அறிகுறிகள் இருந்தன. ஒன்பது மாதங்களுக்குப் பிறகும் 18 சதவீதம் பேரிடம் அவை நீங்கவில்லை. அந்தக் காட்சி கேட்காமலே கண்முன் வருவது, கனவில் வருவது, அதை நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பது, எந்நேரமும் உஷாராக இருப்பது ஆகியவையே அந்த அறிகுறிகள். ஆறு மாதத்தில் மீண்டிருக்க வேண்டுமே என்று உங்களை நீங்களே கடிந்துகொண்டால், இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

போன முறை உடம்பு சொல்லவில்லை. அதனால் இந்த முறை உடம்பை நம்பாமல் நீங்களே காவல் நிற்கிறீர்கள். கழிவறையில் பார்ப்பது அந்தக் காவல்தான். கர்ப்பத்தை இழந்து மீண்டும் கருவுற்ற பெண்களில் இதைச் செய்யாதவர்கள் அபூர்வம். ஆனால் யாரும் யாரிடமும் சொல்வதில்லை, ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிக்கல் எங்கே தொடங்குகிறதென்றால், பார்த்தவுடன் ஒரு நிம்மதி வருகிறது. அடுத்த முறை பயம் எழும்போது மூளை அதே நிம்மதியைக் கேட்கிறது. "பார்த்தேன், அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை" என்று அது பாடம் படித்துக்கொள்கிறது. நிம்மதியின் ஆயுள் குறைந்துகொண்டே வர, பார்க்கும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஸ்கேன் தந்த நிம்மதி அன்று மாலையோடு முடிந்ததும் இதே கணக்கில்தான்.

ஒரேயடியாக நிறுத்தச் சொல்ல மாட்டேன்; முடியாது, முயன்று தோற்றால் இன்னும் சோர்வுதான். உங்கள் கடிதத்திலேயே வழி இருக்கிறது. "பார்ப்பதற்காகவே போகவும் செய்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இயல்பாகப் போகும்போது பார்ப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். பார்ப்பதற்காக மட்டும் போகும் அந்தக் கூடுதல் முறைகளில் மட்டும் கை வையுங்கள். அந்த உந்துதல் வரும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே பாதங்களைத் தரையில் அழுத்தி, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். பத்து நிமிடம் கழித்தும் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் போங்கள். அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். பயம் ஒரு உச்சிக்கு ஏறும், பிறகு நீங்கள் ஒன்றும் செய்யாமலே இறங்கத் தொடங்கும். அந்த இறக்கத்தை உடம்பு ஒருமுறை அனுபவித்துவிட்டால், அடுத்த பத்து நிமிடம் கொஞ்சம் எளிதாகும். ஒரு வாரத்தில் இரண்டு மூன்று முறை குறைந்தாலே போதும்.

கருவி வாங்க வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கும். பதறிப்போயிருக்கும் தாயின் நாடியும் 110, 120 என்று ஏறிவிடும். இரண்டையும், நஞ்சுக்கொடியில் ஓடும் இரத்தத்தின் ஓசையையும் பிரித்தறியப் பயிற்சி வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நீங்கள் தேடித் துடிப்பு கிடைக்காவிட்டால், குழந்தை சற்றுத் திரும்பியிருந்ததால் கிடைக்காமல் போயிருக்கும். விடியும்வரை நீங்கள் படும் பாட்டை யாரால் ஈடுசெய்ய முடியும்? அதைவிட ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. பின்னாளில் குழந்தையின் அசைவு உண்மையிலேயே குறையும் ஒரு நாளில், உங்கள் நாடியையே குழந்தையின் துடிப்பு என்று கேட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-இலேயே, இந்தக் கருவிகளை மருத்துவ மேற்பார்வையின்றி வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது.

துடிப்பைக் கேட்க வேண்டும் என்ற தவிப்பு நியாயமானது. அதற்கு உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து ஐந்து நிமிடம் துடிப்பைக் கேட்டுவிட்டுப் போகலாமா என்று. முந்தைய இழப்பு உள்ளவர்களுக்குப் பல மருத்துவர்கள் இதற்கு இணங்குகிறார்கள். முன்கூட்டியே குறித்துவைத்த நாளில் போவதற்கும் பயம் எழும்போதெல்லாம் ஓடுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முதலாவதில் நாள்காட்டி உங்கள் கையில் இருக்கும்.

இங்கே ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுவிட வேண்டும். காவல் நிற்பதைக் குறையுங்கள் என்று நான் சொல்வது, அறிகுறியை அலட்சியம் செய்யுங்கள் என்ற பொருளில் இல்லை. இரத்தப்போக்கு, விட்டுவிட்டு வரும் கடும் அடிவயிற்று வலி, நீர் கசிவு, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள், நேரம் பார்க்காதீர்கள். "போன வாரம்தானே வந்தீர்கள்" என்று யாராவது முகம் சுளித்தால், அது அவர்கள் குறை. அசைவைப் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 17 வாரத்தில் அசைவு தெரியாமல் இருப்பது இயல்பு. பலருக்கு 18 முதல் 20 வாரத்தில்தான் முதன்முதலில் தெரியும்; நஞ்சுக்கொடி கருப்பையின் முன்பக்கம் அமைந்திருந்தால் இன்னும் தாமதமாகலாம். 24 வாரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லையென்றால் சொல்லுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென்று ஒரு போக்கு உண்டாகிவிடும். உங்கள் குழந்தையின் போக்கு குறைந்ததாகத் தோன்றினால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது. பிரசவம் நெருங்க நெருங்க அசைவு குறைவது இயல்பு என்று சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை. அசைவின் தன்மை மாறலாம், நிற்கவோ குறையவோ கூடாது.

அடுத்து ஒரு தேதி. நீங்கள் எழுதவில்லை, ஆனால் எழுதியதை வைத்து நான் கணக்கிட்டேன். ஆறு மாதங்களுக்கு முன் 12-வது வாரம் என்றால், முதல் குழந்தையின் பிரசவத் தேதி இன்னும் இரண்டே வாரத்தில் வருகிறது. நீங்கள் 19-வது வாரத்தில் இருப்பீர்கள். அதற்கு அடுத்த வாரம் ஸ்கேன். பகலில் இதை நினைக்காமல் இருந்திருக்கலாம். இரவு இரண்டு மணிக்கு உங்களை எழுப்புவதில் அந்தத் தேதிக்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த ஐந்து வாரத் தூக்கமின்மையை இந்தக் கர்ப்பத்தின் பயம் என்று மட்டும் எண்ணியிருந்தீர்கள். அதில் அந்தக் குழந்தைக்கான துக்கமும் கலந்திருக்கிறது. ஒரே வயிற்றில் துக்கமும் எதிர்பார்ப்பும் இருப்பதால் எது எதுவென்று பிரிக்க முடியாமல் தவிக்கிறீர்கள்.

அந்த நாளைச் சும்மா கடந்துவிடப் பார்க்காதீர்கள். வேலைக்குப் போகிறவரென்றால் விடுப்பு எடுங்கள். முக்கியமான எதையும் அன்று வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் குழந்தைக்கு ஒரு கடிதம் எழுதலாம். மனத்துக்குள் ஒரு பெயர் வைத்திருந்தால் அதைச் சத்தமாக ஒருமுறை சொல்லலாம். ஒன்றும் தோன்றாவிட்டால் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இப்போது சுமக்கும் குழந்தைக்கு இது அபசகுனமும் இல்லை, துரோகமும் இல்லை. "இதுதான் திரும்பி வந்திருக்கிறது" என்று அன்போடு சொல்பவர்கள் உங்களைச் சுற்றி இருக்கலாம். அது உங்களுக்கு ஆறுதல் தந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தராவிட்டால், இரண்டும் இரண்டு குழந்தைகள் என்று எண்ணிக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. வரப்போகும் குழந்தைக்கும் அது நல்லது; வேறொருவரின் இடத்தை நிரப்பும் பொறுப்போடு அது பிறக்க வேண்டியதில்லை.

ஸ்கேன் நாளுக்குச் சில ஏற்பாடுகள். காலையின் முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் இரண்டு மணி நேரம்தான் பாதி வதை. முடிந்தால் அதே அறை வேண்டாம் என்று சொல்லுங்கள். படுப்பதற்கு முன்பே ஸ்கேன் எடுப்பவரிடம், போன முறை நடந்ததைச் சொல்லி, "முதலில் துடிப்பைப் பார்த்து உடனே சொல்லிவிடுங்கள், பிறகு மற்றதைப் பாருங்கள்" என்று கேளுங்கள். நீங்கள் கேட்கத் தயங்கினால் கணவர் கேட்கட்டும். 20-வது வார ஸ்கேன் நீளமானது: மூளை, முதுகெலும்பு, இதயத்தின் அறைகள், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக அளப்பார்கள். அளக்கும்போது பேச மாட்டார்கள். போன முறை அந்த மௌனத்துக்கு ஒரு பொருள் இருந்தது. இந்த முறை மௌனம் என்றால் அளக்கிறார்கள் என்று பொருள். இதை அவர்களிடமே சொல்லிவைத்தால், "இப்போது தலையை அளக்கிறேன்" என்று இடையிடையே குரல் கொடுப்பார்கள்.

இந்தக் குழந்தையிடமிருந்து தள்ளி நிற்பது பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அன்பு வைக்காமல் இருந்தால், ஒருவேளை இழக்க நேர்ந்தாலும் வலி குறைவாக இருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. காயம்பட்ட மனம் அப்படித்தான் தன்னைக் காத்துக்கொள்ளும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த மூன்று வாரம் நீங்கள் பேசாமலே இருந்திருந்தால், ஸ்கேன் அறையில் வலி குறைந்திருக்குமா? ஒரு நாளைக்கு இத்தனை முறை ஓடி ஓடிப் பார்ப்பவர், விடியும்வரை விழித்துக் கிடப்பவர், இந்தக் குழந்தையிடம் பற்றில்லாதவராக இருக்க முடியாது. உங்கள் பற்று இப்போது பயத்தின் உடையில் இருக்கிறது. வேறு உடை போட வேண்டும் என்று அவசரமில்லை. துணி வாங்காமல், பெயர் யோசிக்காமல், யாரிடமும் சொல்லாமல் இன்னும் சில வாரம் இருக்க விரும்பினால் இருங்கள். எதையும் முன்னேற்பாடு செய்யாத தாய்மார்களின் குழந்தைகளும் அன்பாகவே வளர்கின்றன. பேச வேண்டும் என்று என்றாவது தோன்றினால், அன்றைய நாளுக்கு மட்டுமான ஒரு வாக்கியம் போதும்: "இன்று நாம் இருவரும் இருக்கிறோம்." நாளைக்கு வாக்குறுதி கொடுக்கத் தேவையில்லாத வாக்கியம் அது.

உங்கள் கணவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் அந்தக் குழந்தையை இழந்தவர்தான். யாராவது அவரிடம் "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டிருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். அடுத்து வரும் பத்தியை அவரிடம் காட்டுங்கள்.

ஐயா, உங்கள் மனைவி பயத்தைப் பற்றிப் பேசுவதால் குழந்தைக்குக் கெடுதல் வராது. பேச இடமில்லாமல் தனியாகச் சுமப்பதுதான் அவரை வாட்டுகிறது. ஒரு நாளில் இருபது நிமிடம், நீங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதற்குத் தீர்வு சொல்ல வேண்டாம், தைரியமும் சொல்ல வேண்டாம். "எனக்கும் பயமாக இருக்கிறது" என்பது உண்மையென்றால், அதை மட்டும் சொல்லுங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் வரும் அந்தத் தேதி உங்களுக்கும் நினைவிருக்கிறது என்று காட்டுங்கள். ஸ்கேன் அறையில் அவர் கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள்.

மீண்டும் உங்களிடம். ஐந்து வாரமாக மூன்று மணி நேரத் தூக்கம் என்பதை, கர்ப்பகாலத்தில் எல்லோருக்கும் வரும் கவலை என்று சொல்லி என்னால் கடக்க முடியவில்லை. நீங்கள் ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ இப்போதே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. "குழந்தை கைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வார்கள், நீங்களும் அதை நம்ப விரும்புவீர்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 13,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கர்ப்பகாலம் தொட்டுப் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளிவந்தது. முன்பு கர்ப்பத்தை இழந்தவர்களுக்கு இருந்த கூடுதல் மனச்சோர்வும் பதற்றமும், ஆரோக்கியமான குழந்தை பிறந்த பிறகும் தானாகக் கரைந்துவிடவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்வரை நீடித்தன. 12-வது வாரத்துக்காகக் காத்திருந்தீர்கள், அது வந்தும் பயம் போகவில்லை. பிரசவத்துக்காகக் காத்திருப்பதும் அதே காத்திருப்பாகிவிடக் கூடாது.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன். பெரும்பாலும் எடின்பரோ அளவுகோல் என்ற கேள்வித்தாளைத் தருவார்கள். 1987-இல், பிரசவித்த தாய்மார்களுக்காக உருவாக்கப்பட்டது. இன்று கர்ப்பிணிகளுக்கும் பயன்படுகிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றி 10 கேள்விகள், 30-க்கு மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் என்றால் விரிவாக விசாரிப்பார்கள். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்பது. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்திருந்தாலும் அதை மறைக்காதீர்கள். அப்படி வந்தால் கேள்வித்தாள்வரை காத்திருக்கவும் வேண்டாம்: அன்றே, அந்த மணியே, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் நிலைக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சுச் சிகிச்சையே முதல் தேர்வாக இருக்கும். ஸ்கேன் அறை நினைவுகள் திரும்பத் திரும்ப வந்தால், அதிர்ச்சி நினைவுகளுக்கென்றே உள்ள சிகிச்சை முறைகளும் உண்டு. மாத்திரை தேவைப்பட்டால், கர்ப்பிணிகளுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவரும் செர்ட்ரலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. மருந்தின் சிறிய ஆபத்தையும் சிகிச்சையில்லாத நோயின் ஆபத்தையும் அருகருகே வைத்து உங்களோடு சேர்ந்தே முடிவெடுப்பார்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே மனநல மருந்து ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால், கர்ப்பம் என்பதற்காகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அதுவரை இரவுகளுக்கு ஒன்று: கைபேசியை வேறு அறையில் வையுங்கள். இரண்டு மணிக்குத் தேடும் எந்தத் தேடலும் நல்ல செய்தியைக் கொண்டுவராது. அரை மணி நேரத்துக்கு மேல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து வேறு இடத்தில், மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திருங்கள். கண் சொருகும்போது படுக்கைக்குத் திரும்புங்கள்.

இத்தனையையும் மருத்துவரின் முன் உட்கார்ந்து சொல்வது கடினம். உள்ளே போனதும் "நன்றாக இருக்கிறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். எடை, இரத்த அழுத்தம் பார்த்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். அதனால் கீழே உள்ளதை ஒரு தாளில் உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன்வரை காத்திருக்காமல் இந்த வாரமே நேரம் வாங்குங்கள்.

"டாக்டர், ஆறு மாதங்களுக்கு முன் 12-வது வார ஸ்கேனில் என் முதல் குழந்தையின் துடிப்பு இல்லை என்று தெரிந்தது. இப்போது 17 வாரம். ஐந்து வாரங்களாக இரவில் மூன்று மணி நேரம்தான் தூங்குகிறேன். இரத்தம் தெரிகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதல் குழந்தையின் பிரசவத் தேதி இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறது. துடிப்பைக் கேட்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரலாமா? 20-வது வார ஸ்கேனில் முதலில் துடிப்பைச் சொல்லும்படி எழுதித் தருவீர்களா? எனக்கு மனநல மருத்துவரின் உதவி வேண்டும்."

பேச வராவிட்டால் தாளை மேசைமேல் வைத்துவிடுங்கள், அவர் படிக்கட்டும்.